கொள்ளையா, போர்ப் பரிசா?

கடல் தாண்டிய சொற்கள்: வரலாற்றுத் தொடர் – 12

சென்ற வாரம் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூர்க் களத்தில் நின்றிருந்தோம். 1780-இல் ஹைதர் அலியின் படை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை நொறுக்கிய இடம் அது. அந்தப் போர்க்காலத்தில் சோழமண்டலக் கரையில் பணியாற்றிய இன்னஸ் மன்றோ என்ற அதிகாரி, 1789-இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். மைசூர்ப் படையோடு திரிந்த, கொள்ளையையே கூலியாகக் கொண்ட குதிரைக்காரர்களை அதில் அவர் 'லூட்டி வாலா' என்று குறிப்பிட்டதைப் பார்த்தோம். அப்போது அந்தச் சொல் ஒரு கூட்டத்தாரின் பெயர். கொள்ளையடிப்பவன் எதிரி. அவனைக் குறிக்க அவன் நாட்டுச் சொல்லே போதும் என்று ஆங்கிலேயர் நினைத்தார்கள்.

எதிரியின் பெயராக இருந்த அந்தச் சொல், தாங்களும் செய்யும் செயலைச் சொல்லும் ஆங்கில வினைச்சொல்லாக மாறியது எப்படி? இந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தோம். விடை தேடி இந்த வாரம் மகாராஷ்டிரத்துக்குப் போகிறோம்.

1. ஆத்தி இலையும் தங்கமும்

புனே நகரின் வடமேற்கு ஓரத்தில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது போபோடி. அதன் ஒரு பக்கம் கட்கி. 1869-இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையும் ராணுவக் குடியிருப்புகளும் உள்ள ஊர் அது. இன்னொரு பக்கம் முளா நதி. ஹாரிஸ் பாலத்தில் ஏறி இறங்கினால் அக்கரையில் தாபோடி. மெட்ரோ ரயிலில் வருபவருக்குத் தாபோடியும் போபோடியும் அடுத்தடுத்த நிலையங்கள். ஆற்றை எட்டிப் பார்ப்பதற்குள் ரயில் கடந்துவிடும்.

தசரா நாளில் இந்தத் தெருக்களில் பச்சை இலைக் கொத்துகள் விற்பனைக்கு வரும். நடுவில் பிளந்து இரண்டு மடலாக விரியும் சின்ன இலை. மராத்தியில் 'ஆப்டா' என்பார்கள். நம்முடைய ஆத்தி இனத்து மரம்தான் அது. சோழர் தங்கள் குலத்தின் அடையாளமாகச் சூடிய பூவும் ஆத்தியே. அன்று ஒருநாள் மட்டும் மராட்டியருக்கு அந்த இலை தங்கம். உறவினர் கையிலும் அண்டை வீட்டார் கையிலும் ஆளுக்கொரு இலையை வைப்பார்கள். சிறியவர்கள் இலையைக் கொடுத்துப் பெரியவர்களின் காலில் விழுந்து வணங்குவார்கள்.

இந்தச் சடங்குக்கு மராத்தியில் 'சோனே லுட்டணே' என்று பெயர். சோனே என்றால் தங்கம். லுட்டணே என்றால் கொள்ளையிடுதல். தங்கத்தைக் கொள்ளையிட்டு வந்து உறவுக்குப் பகிர்ந்து கொடுப்பதாக ஐதீகம். மழைக்காலம் முடிந்து ஆறுகள் வடிந்த பிறகு, தசராவன்று ஊர் எல்லையைத் தாண்டிப் படை கிளம்புவது மராட்டியரின் பழைய வழக்கம். அதற்கு 'சீமோல்லங்கன்' என்று பெயர், அதாவது எல்லை தாண்டுதல். எல்லை தாண்டிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அந்த நினைவுதான் ஆப்டா இலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'லுட்டணே' என்ற மராத்தி வினைக்கும் 'லூட்' என்ற இந்திச் சொல்லுக்கும் ஒரே வேர். திருடு, பறி என்று பொருள்படும் 'லுண்ட்' என்ற சமஸ்கிருத வேரையே அகராதிக்காரர்கள் காட்டுகிறார்கள். ஒரே சொல்லில் போர்க்களத்தின் கொடுமையும் பண்டிகையின் இனிமையும் சேர்ந்து வாழ்ந்த நாடு இது.

1817-ஆம் ஆண்டு அக்டோபர் 19. புனேவில் தசரா. பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் அவையில் கம்பெனியின் பிரதிநிதியாக, 'ரெசிடெண்ட்' என்ற பதவியில் இருந்தவர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன். வயது 38. ஜூன் மாதம்தான் அவர் பேஷ்வாவை மிரட்டி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார். அந்த ஒப்பந்தத்தால் மராட்டியக் கூட்டமைப்பின் தலைமையே பாஜிராவின் கையை விட்டுப் போனது. தசரா அணிவகுப்பில் பேஷ்வா எல்ஃபின்ஸ்டனை வெளிப்படையாகவே புறக்கணித்தார். நாரோ பந்த் ஆப்டே தலைமையில் ஒரு பெரிய குதிரைப்படை, தாக்க வருவதைப் போலவே கம்பெனிப் படையை நோக்கிப் பாய்ந்து வந்தது. மிக அருகில் வந்து திரும்பிச் சென்றது.

பதினேழு நாள் கழித்து அந்தக் குதிரைகள் மறுபடியும் வந்தன. அந்த முறை அவை திரும்பவில்லை.

2. ஆற்றின் இரு கரையில் இரண்டு நண்பர்கள்

அப்போது தாபோடியில் ஒரு படை இருந்தது. பேஷ்வாவின் கருவூலத்திலிருந்து சம்பளம், கம்பெனியின் அதிகாரிகளிடமிருந்து உத்தரவு என்று இரண்டு எஜமானர்களைக் கொண்ட படை. அதை உருவாக்கி நடத்தியவர் ஃபோர்டு. புனேவில் நெடுங்காலம் வாழ்ந்தவர். பேஷ்வாவின் அமைச்சரான மோரோ தீட்சித் அவருக்கு உற்ற நண்பர்.

போர் நெருங்குவதை இருவரும் அறிந்திருந்தார்கள். எப்படியாவது ஃபோர்டைத் தன் பக்கம் இழுக்கப் பாஜிராவ் முயன்றார். அந்தப் பேச்சோடு வந்தவர் மோரோ தீட்சித். ஃபோர்டு மறுத்துவிட்டார். நட்பு முறியவில்லை. இருவரும் ஒரு வாக்குக் கொடுத்துக் கொண்டார்கள்: வெற்றி யார் பக்கம் இருந்தாலும், வென்றவர் தோற்றவரின் குடும்பத்தைக் காக்க வேண்டும்.

அந்த வாக்கின் பொருளை யோசித்துப் பாருங்கள். தோற்றவன் வீட்டுக்கு என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அவன் வீட்டுக் கதவு உடைபடும், பெட்டி திறக்கும், பெண்களின் கழுத்து வெறுமையாகும். அதைக் குறிக்க மோரோ தீட்சித்தின் மொழியில் ஒரு சொல் இருந்தது. ஃபோர்டின் மொழி அந்தச் சொல்லை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தது.

நவம்பர் 1-ஆம் தேதி எல்ஃபின்ஸ்டன் கம்பெனிப் படையைப் புனே நகரின் ஓரத்திலிருந்து கிளப்பிக் கட்கிக்கு மாற்றினார். கட்கியில் கர்னல் பர் தலைமையில் ஒரு படை, தாபோடியில் ஃபோர்டின் படை. இரண்டும் சேர்ந்தால்தான் பிழைக்கலாம். தாபோடியிலிருந்து முளாவைக் கடந்து கட்கிக்கு வருபவர்கள் இன்றைய போபோடி மண்ணை மிதித்தே வந்தாக வேண்டும்.

நவம்பர் 5, பிற்பகல். முளாவும் முட்டாவும் கூடும் சங்கமத்தில் இருந்த ரெசிடென்சி மாளிகைக்கு விட்டோஜி நாயக் என்ற தூதர் வந்தார். பேஷ்வாவின் கடைசி நிபந்தனைகளை அடுக்கினார்: புதிதாக வந்த ஐரோப்பியப் படையைத் திருப்பி அனுப்ப வேண்டும், இருக்கும் படையைக் குறைக்க வேண்டும், பேஷ்வா காட்டும் இடத்தில் முகாம் போட வேண்டும். எல்ஃபின்ஸ்டன் மறுத்தார். தூதர் வெளியேறினார்.

சற்று நேரத்தில் நகரிலிருந்து பெரும்படை கிளம்பியது. எல்ஃபின்ஸ்டனுக்குக் குதிரையில் ஏறி ஆற்றில் இறங்கும் அளவுக்குத்தான் நேரம் இருந்தது. அக்கரை ஏறி, நதியை அரணாக நடுவில் விட்டு, கட்கியை நோக்கி விரைந்தார்.

மாளிகைக்குள் அவருடைய நூலகம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த நூல்களும் கையெழுத்துப் படிகளும் இருந்தன. அவை என்ன ஆயின?

3. நவம்பர் 5, மாலை

ரெசிடென்சி சூறையாடப்பட்டது. பிறகு எரிந்தது. எல்ஃபின்ஸ்டனிடம் உடுத்திய உடையைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை என்று சொல்லும் அளவுக்கு எல்லாம் போயின. ஆறு வடிந்த பருவத்தில், எல்லை தாண்டிப் போன வீரர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை.

அதே நேரத்தில் கணேஷ்கிண்ட் மேட்டுக்கும் கட்கிக்கும் இடைப்பட்ட வெளியில் போர் மூண்டது. பேஷ்வா பக்கம் சுமார் 18,000 குதிரைப்படை, 8,000 காலாட்படை. கம்பெனி பக்கம் சுமார் 2,800 பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். தளபதி பாபு கோகலே முன்னணியில் நின்றார். பாஜிராவ் பர்வதிக் குன்றின் கோயிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்ஃபின்ஸ்டனின் உதவியாளராக அன்று களத்தில் இருந்தவர் ஜேம்ஸ் கிராண்ட் டஃப். பின்னாளில், 1826-இல், மராட்டியர் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதியவர் அவரே. காம்பே வளைகுடாவில் கடல் ஏற்றம் பேரிரைச்சலோடு சுவர்போல எழுந்து வருமே, அதற்கு அவர் அந்தக் குதிரைப்படையின் வருகையை ஒப்பிட்டார். அவ்வளவு பெரிய அலை எப்படி உடைந்தது?

கம்பெனிப் படையின் இடப்பக்கத்துக்கு முன்னால் ஒரு சேற்றுப் பள்ளம் இருந்தது. பாய்ந்து வந்த குதிரைகளுக்கு அது தெரியவில்லை. முதல் வரிசை சேற்றில் சிக்கியது. பின்வரிசை அதன் மேல் மோதியது. அந்தக் குழப்பத்தின் மீது சிப்பாய்களின் துப்பாக்கிகள் வெடித்தன. நகரை விட்டுப் புறப்படும்போதே பேஷ்வாவின் ஜரிப் பதாகையின் கம்பு முறிந்திருந்தது. அதை அபசகுனமாகக் கண்டு கலங்கியிருந்த மனங்களுக்கு அந்தச் சேறு போதுமானதாக இருந்தது.

இதற்கிடையே ஃபோர்டின் படை தாபோடியிலிருந்து ஆற்றைக் கடந்து இக்கரையில் வந்துகொண்டிருந்தது. கட்கிப் படையோடு அது சேரும் முன் நடுவழியில் வெட்டிவிட ஒரு மராட்டியக் குதிரை அணி பாய்ந்தது. அந்த அணியை நடத்தியவர் மோரோ தீட்சித்.

ஃபோர்டின் படையோடு வந்த பீரங்கி முழங்கியது. சிதறிய குண்டு ஒன்று மோரோ தீட்சித்தைச் சாய்த்தது. ஒருவர் குடும்பத்தை ஒருவர் காப்பதாக வாக்குக் கொடுத்த இருவரில் ஒருவர், மற்றவரின் படை சுட்ட குண்டுக்குப் பலியானார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஆற்றங்கரையில் நடந்ததை நினைக்கும்போது என் மனம் படைகளின் எண்ணிக்கையில் நிற்பதில்லை. அந்த வாக்கிலேயே போய் நிற்கிறது.

இருட்டும்போது போர் ஓய்ந்தது. கம்பெனி தரப்பில் இறந்தவரும் காயம்பட்டவரும் 86 பேர். மராட்டியர் தரப்பில் சுமார் 500. பத்து நாளில் ஜெனரல் லயனல் ஸ்மித்தின் படையும் வந்து சேர்ந்தது. நவம்பர் 16-இல் எரவாடாவில் மறுமுறை மோதல். பேஷ்வா நகரை விட்டு ஓடினார். 17-ஆம் தேதி சனிவார்வாடாவில் ஆங்கிலக் கொடி ஏறியது.

இப்போது நகரம் வென்றவர் கையில். ரெசிடென்சியை எரித்ததற்குப் பழிவாங்க அவர்கள் என்ன செய்தார்கள்? அதைச் சொல்லும் முன், அவர்கள் வாயில் இருந்த சொல்லை ஒருகணம் கவனிப்போம்.

4. பெயர் வினையான காலம்

ஆங்கிலத்தில் 'லூட்' முதலில் பெயர்ச்சொல்லாகத்தான் நுழைந்தது. 1788-இல் லண்டனில் வந்த ஓர் இந்தியச் சொற்கோவையில் அது இடம்பெற்றது. 1802-இல் சார்லஸ் ஜேம்ஸ் தொகுத்த ராணுவ அகராதி, கொள்ளையைக் குறிக்கும் இந்தியச் சொல் என்று அதற்குப் பொருள் எழுதியது. வினையாக அது அச்சில் தென்படுவது 1821-ஐ ஒட்டி. இந்தியப் போர்களுக்கு வந்த ஓர் ஆங்கிலச் சிப்பாய் வேற்றுமொழிப் பெயராகக் கற்ற சொல்லை, அவன் மகன் சொந்த வினையாகச் சொல்லியிருப்பான். கட்கிப் போர் நடந்த 1817, சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது.

பெயர் வினையாவது தமிழில் எளிதல்ல. 'கொள்ளை' என்ற பெயரோடு 'அடி' என்றோ 'இடு' என்றோ துணை ஒன்று சேர்த்தால்தான் வினை கிடைக்கும். ஆங்கிலத்தில் அந்தத் துணை தேவையில்லை. பெயரை அப்படியே வினையின் இடத்தில் உட்காரவைத்து, காலத்துக்கேற்ற விகுதியைச் சேர்த்தால் போதும். 'லூட்' அப்படித்தான் வினையானது. இறந்தகாலத்தில் 'லூட்டட்', நடப்பில் 'லூட்டிங்', செய்தவன் 'லூட்டர்'.

இந்த வினை எதைச் செயப்படுபொருளாகக் கொள்ளும்? ஊரையும் கொள்ளும், உடைமையையும் கொள்ளும். அரண்மனையை லூட் செய்தார்கள் எனலாம், நகைகளை லூட் செய்தார்கள் என்றும் சொல்லலாம். தமிழிலும் ஊரைக் கொள்ளையடித்தார்கள், நகையைக் கொள்ளையடித்தார்கள் என்று இரண்டும் வழங்குகின்றன. இரவில் யாரும் அறியாமல் எடுப்பதற்கு ஆங்கிலத்தில் வேறு வினை. வழிமறித்து ஓர் ஆளிடம் பறிப்பதற்கு இன்னொரு வினை. காவல் குலைந்த வேளையில் கூட்டமாகப் புகுந்து வாரிக்கொண்டு போவதற்கே 'லூட்'. போர், கலவரம், வெள்ளம், நிலநடுக்கம் எதுவானாலும் ஒழுங்கு உடைந்தால்தான் இந்த வினைக்கு வேலை.

அதற்கு முன் இந்தச் செயலுக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லையா? இருந்தது. 'ப்ளண்டர்' என்ற வினை இன்றும் இருக்கிறது. அதுவும் இரவல்தான். 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சிதைத்த முப்பதாண்டுப் போரில் ஜெர்மன் சிப்பாய்களிடமிருந்து வந்தது. ஜெர்மனில் அதன் மூலச்சொல்லுக்கு வீட்டுச் சாமான், பாய் படுக்கை, துணிமணி என்று பொருள். ஏழை வீட்டின் பாயையும் துணியையும் பறித்த போர் அந்த வினையைக் கொடுத்தது. இந்தியாவில் நடந்த போர்கள் 'லூட்' என்ற வினையைக் கொடுத்தன. ஒவ்வொரு பெரும் கொள்ளைக்குப் பிறகும் அந்த மொழிக்கு ஒரு புது வினை தேவைப்பட்டிருக்கிறது.

தமிழும் ஆங்கிலத்துக்குப் பல சொற்களைக் கொடுத்திருக்கிறது. கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுத்தண்ணீர் எல்லாம் போயின. அவை பொருள்களின் பெயர்கள். இந்தியாவிலிருந்து சென்று ஆங்கிலத்தில் வினையாக நிலைத்தவை சிலவே. தலையை அமுக்கிப் பிடித்துவிடுவதைக் குறித்த இந்திச் சொல்லிலிருந்து வந்த 'ஷாம்பு' ஒன்று. 'லூட்' இன்னொன்று.

வினைக்கு எழுவாய் வேண்டும். செய்தவர் யார் என்ற கேள்விக்கு விடை வேண்டும். பிரச்சினை அங்கேதான் பிறந்தது.

5. ஒரே செயல், இரண்டு சொற்கள்

1817-இல் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் படைகளைத் திரட்டியதற்குச் சொன்ன காரணம் பிண்டாரிகளை ஒழிப்பது. கொள்ளையையே தொழிலாகக் கொண்ட குதிரைக் கூட்டம் அது. 1816-இல் அவர்கள் சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பகுதியில் புகுந்து இரண்டு வாரத்துக்குள் 339 கிராமங்களைச் சூறையாடினார்கள். 182 பேர் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். ஆயிரக்கணக்கானோர், புதைத்த பணத்தைக் காட்டச் சொல்லிச் சித்திரவதை செய்யப்பட்டார்கள். அந்தக் கிராமத்துச் சனங்களின் கண்ணீரை எந்தச் சொல்லாலும் மழுப்ப முடியாது. அது கொள்ளை. ஆங்கிலேயரும் அப்படியே எழுதினார்கள். சங்கமத்தில் எரிந்த ரெசிடென்சிக்கும் அதே கணக்குத்தான்.

புனே விழுந்தபோது ஜெனரல் ஸ்மித் நகர மக்களின் வீடுகளைக் காக்கப் பெரும் கவனம் எடுத்தார் என்று கிராண்ட் டஃப் பதிவு செய்கிறார். தெருவில் சிப்பாய்கள் வெறியாட்டம் ஆடவில்லை. அந்த நற்செயலை மறைப்பது நியாயமாகாது. ஆனால் பேஷ்வாவின் செல்வம்? அது தேடித் தேடி எடுக்கப்பட்டது. எடுத்ததைக் கணக்கு எழுதினார்கள், முத்திரை வைத்தார்கள், படைக்குப் பங்கிட ஏற்பாடு செய்தார்கள். அதற்கு ஆவணங்களில் 'ப்ரைஸ்' என்று பெயர். போர்ப் பரிசு.

நாரோபா கோவிந்த் ஔதி என்பவர் பேஷ்வாவுக்காக ராய்கட் கோட்டையைக் காத்தவர். 1818-இல் கோட்டை சரணடைந்தது. அவர் புனேவுக்குத் திரும்பினார். அங்கே போர் ஓய்ந்து மாதங்கள் ஆகியிருந்தன. கம்பெனியின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. புனேவின் தற்காலிகக் கலெக்டராக இருந்த ராபர்ட்சன், நாரோபாவின் பெரும் பணத்தைப் பேஷ்வாவின் பணம் என்று சொல்லிக் கைப்பற்றினார்.

நாரோபாவின் மறைவுக்குப் பிறகு அவர் உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள் பம்பாய் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். பிரதிவாதிகள் எல்ஃபின்ஸ்டனும் ராபர்ட்சனும். ரெசிடென்சியில் தன் நூல்களைக் கொள்ளை கொடுத்த அதே எல்ஃபின்ஸ்டன், இப்போது மற்றொருவர் உடைமையைப் பறித்த குற்றச்சாட்டில் எதிர்த்தரப்பில் நின்றார். பம்பாய் நீதிமன்றம் நாரோபா தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இந்திய மண்ணில், ஆங்கிலேயரின் நீதிமன்றத்திலேயே, ஆங்கில அதிகாரிகளுக்கு எதிராக வந்த தீர்ப்பு அது. பணம் திரும்பி வந்ததா?

வரவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1830-இல் அங்கே தீர்ப்பு தலைகீழானது. அந்தப் பணம் எடுக்கப்பட்டது போர் நடவடிக்கையின் பகுதியாக. அது சரியா தவறா என்று விசாரிக்க உள்நாட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை. கேள்வி அத்தோடு மூடப்பட்டது. வீட்டுக்காரன் கொள்ளை என்று சொன்னதை அரசு போர் என்று சொன்னது. கடைசியில் நிலைத்தது அரசு சொன்ன சொல்.

பங்கு பிரிப்பதில் வென்றவர்களுக்குள்ளேயே வழக்கு எழுந்தது. தக்காணப் படைக்கு மட்டுமா, ஹேஸ்டிங்ஸின் பெரும்படைக்கும் பங்கா என்று ஆண்டுக்கணக்கில் வாதம். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு, அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் அறங்காவலர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டார். அவர் மீதும் வழக்கு வந்தது. போர்ப் பரிசு முழுவதும் மன்னருக்கே சொந்தம், சிப்பாய்க்குக் கிடைப்பது அவர் மனமுவந்து தருவது என்று 1831-இல் தீர்ப்பானது.

இதே தக்காணச் செல்வத்தில் ஒரு வைரமும் இருந்தது. நாசிக் அருகே திரியம்பகேஸ்வரர் கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் 'நாசக் வைரம்'. 1818-இல் பேஷ்வாவிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்து லண்டன் போனது. 1837-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு ஒருவர் அதை வாங்கித் தன் உடைவாளின் பிடியில் பதித்துக்கொண்டார். 1940-இல் நியூயார்க்கில் ஹாரி வின்ஸ்டன் அதை மறுபடி பட்டை தீட்டி 43.38 காரட் ஆக்கினார். அதன் பிறகும் பலமுறை கைமாறியது. ஒருமுறை கூட இறைவனிடம் திரும்பவில்லை.

6. தஞ்சாவூர் நீதிபதியின் அகராதி

'லூட்' என்ற சொல்லின் வரலாற்றை முதன்முதலில் விரிவாக எழுதிவைத்த நூல் 'ஹாப்சன்-ஜாப்சன்'. இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களின் பெரும் அகராதி, 1886-இல் வெளிவந்தது. ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் அதன் ஆசிரியர்கள். பர்னல் நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர். அகராதி அச்சேறுவதைப் பார்க்காமலே 1882-இல் காலமானார்.

அந்த அகராதி ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயரின் பேச்சில் வெகுகாலம் புழங்கிய 'லூட்', இங்கிலாந்தில் இருந்தவர்களின் நாவில் ஏறியது சீனப் போர், கிரிமியப் போர், 1857 எழுச்சி ஆகியவற்றின் காலத்தில்தான். போருக்குப் போர் அந்தச் சொல் வளர்ந்தது.

தமிழில் 'கொள்ளை' என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். 'கொள்' என்ற எளிய வினையிலிருந்து பிறந்தது. கொள்வது குற்றமல்ல, பெண் கொள்கிறோம், பொருள் கொள்கிறோம், நட்புக் கொள்கிறோம். கொடுப்பவர் இல்லாமல் கொள்ளும்போது அது கொள்ளையாகிறது. தொல்காப்பியத்தின் வெட்சித்திணை ஆநிரை கவர்வதைப் போரின் தொடக்கமாக வைத்தது. ஆனால் கவர்ந்த மாடுகளைக் காக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே இலக்கணம் வகுத்தது. கொண்டவனுக்குக் கடமையும் உண்டு என்று நம் முன்னோர் கருதினார்கள். பிரிவி கவுன்சிலின் தீர்ப்பில் அந்தக் கடமை இல்லை.

என் முடிவை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வினையைச் செயலுக்குக் கொடுக்க வேண்டும், செய்தவரின் கொடியைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது. குண்டூரில் பிண்டாரி செய்ததும் கொள்ளை. ரெசிடென்சியில் பேஷ்வாவின் வீரன் செய்ததும் கொள்ளை. நாரோபாவின் பணத்துக்கு நடந்ததும் கொள்ளையே. வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: "கொள்ளையடிக்கப்பட்டது" என்று எங்காவது படித்தால், யாரால் என்று உடனே கேளுங்கள். எழுவாயை விட்டுவிட்டு எழுதிய வாக்கியத்தில்தான் பெரிய கொள்ளைகள் மறைந்திருக்கின்றன.

புனேவில் பரிசு என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்த அந்தச் செயல், நாற்பத்து மூன்று ஆண்டுகளில் ஒளிவதையே விட்டுவிட்டது. 1860 அக்டோபர். பெய்ஜிங் நகருக்கு வெளியே, சீனப் பேரரசரின் கோடை அரண்மனை. ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் அதற்குள் புகுந்தன. அந்தப் படையெடுப்பில் நம் சென்னை மாகாணத்து சாப்பர் படையினரும் இருந்தார்கள். பட்டு, பச்சைக்கல், பீங்கான், பொன் எல்லாம் வாரிச் செல்லப்பட்டன. அதன் பிறகு ஆங்கிலேயரின் கப்பல்களில் அந்தச் சொல் எவ்வளவு பழகிப்போனது என்றால், 1867-இல் வெளிவந்த அட்மிரல் ஸ்மித்தின் கடலோடிகள் அகராதி, 'லூட்' சீனாவிலிருந்து வந்த சொல் என்றே எழுதிவிட்டது. பிறந்த ஊரின் பெயரையே அந்தச் சொல் இழந்தது.

அந்த அரண்மனையில் பிடிபட்ட ஒரு சிறு நாய்க்குட்டியைக் கேப்டன் டன் என்ற அதிகாரி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் விக்டோரியா மகாராணிக்குப் பரிசளித்தார். 1861-இல் அரண்மனை ஓவியர் கெய்ல் அதைப் படமாக வரைந்தார். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்பவருக்கு விடை அதன் பெயரிலேயே இருந்தது.

அதற்கு வைத்த பெயர் 'லூட்டி'.

(தொடரும்)